பிஸ்டன் வருமுன் போட்ட போர்

வண்டி இருபது நிமிடம்தான் ஓடியது. அறந்தாங்கிக்கு வெளியே வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் செந்தில் தன் டர்ட் பைக்கை விரட்டிக்கொண்டிருந்தான். நான் ரிப்பேர் செய்து கொடுத்த என்ஜின், பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி, திடீரென்று பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் லாக் ஆகி ஆளைத் தூக்கி எறிந்தது. வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

"புது போரு, புது பிஸ்டனு. எப்படிண்ணே பிடிச்சுச்சு?" என்றான் வலியோடு.

"லேத்துல போர டைட்டாப் போட்டு அனுப்பிட்டாங்க தம்பி."

யோசிக்கவே இல்லை, வாயில் தயாராக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

நடந்தது வேறு. பழைய சிலிண்டர் தேய்ந்திருந்ததால் அதைக் குடைந்து பெரிதாக்கி, அதாவது போர் போட்டு, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டியிருந்தது. அரை மில்லிமீட்டர் கூடுதல் சைஸை நாங்கள் அம்பது என்போம். அம்பதில், ரேஸ் வண்டிகளுக்குப் போடும் உறுதியான ஃபோர்ஜ்டு பிஸ்டனாகத் தேர்ந்தெடுத்துச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். அது வந்து சேர்வதற்குள், சிலிண்டரை மட்டும், எங்கள் பக்கத்து வழக்கப்படி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துப் புதுக்கோட்டை லேத் பட்டறைக்காரர் கதிரேசனுக்கு அனுப்பிவிட்டு, சைஸைப் போனில் சொன்னேன்.

"பிஸ்டன் எங்கங்க?" என்று கேட்டார் அவர்.

"நாளைக்கு வருது. அம்பதுதான். நீங்க போடுங்க."

"கையில பிஸ்டன் இல்லாமப் போட்டா சரி வராதுங்க. அளந்துட்டுத்தான் போடணும்."

"முப்பது வருசமா இந்த வேலதான் பாக்குறேன். எனக்குத் தெரியாதா?"

ஃபோர்ஜ்டு என்று நான் சொல்லவில்லை. அவர் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே, சாதாரண பிஸ்டனுக்கு விடும் கேப் விட்டுப் போட்டார். ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் அதிகமாக விரியும், கேப் கூடுதலாக வேண்டும். பிஸ்டன் பெட்டிக்குள் இருந்த தாளில் அந்த அளவு அச்சடித்திருந்தது. அந்தத் தாளில் நான் கை துடைத்தேன். பிஸ்டனை உள்ளே இறக்கும்போது விரலுக்கு இறுக்கம் தெரிந்தது. ஓட ஓட இளகிவிடும் என்று பூட்டிவிட்டேன்.

செந்தில் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே பைக் ஓட்டுகிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் போட்டான். கதிரேசன் பெயரைச் சொல்லி, அந்த லேத்துக்கு யாரும் சிலிண்டர் கொடுக்காதீர்கள் என்றான். நானும் அந்தக் குரூப்பில் இருந்தேன். கேட்டுவிட்டுப் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கீறல் விழுந்த சிலிண்டரை அடுத்த சைஸான எழுபத்தஞ்சுக்குக் குடைய வேண்டும். "வேற லேத்துல குடுங்கண்ணே" என்றான் செந்தில். சரி என்று தலையாட்டிவிட்டு, அவனுக்குத் தெரியாமல் கதிரேசனிடமே கொண்டுபோனேன். அவரைவிடச் சுத்தமாகப் போர் போட எனக்கு யாரையும் தெரியாது. வழக்கமாக வரிசையாகச் சிலிண்டர்கள் நிற்கும் அவருடைய மேசையில் அன்று இரண்டுதான் நின்றன.

அந்த வாய்ஸ் அவர் காதுக்கும் போயிருந்தது. சிலிண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கிட்டத்தான் கொண்டாறீங்கன்னு அந்தத் தம்பிக்குச் சொல்லிட்டு வந்தீங்களா, சொல்லாம வந்தீங்களா?"

அங்கேயே நின்று செந்திலுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். பிஸ்டனை அனுப்பாதது, தாளைப் படிக்காதது, இறுக்கம் தெரிந்தும் பூட்டியது, பிறகு பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"லேத்து அண்ணன்கிட்டப் போனக் குடுங்க" என்றான்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டான். குரூப்பிலும் மாற்றிச் சொல்லிவிடுவதாகச் சொன்னான். என்னிடம் போனைக் கொடுக்கச் சொல்லாமலேயே வைத்துவிட்டான்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சைஸ் பெட்டியின் மேல் எழுதியிருக்கும். அதை நம்பிப் போர் போடச் சொல்லாதீர்கள். பிஸ்டனைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். தப்பு நடந்தால், கேட்டவுடனே உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.

போனைத் திருப்பிக் கொடுத்த கதிரேசன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"பிஸ்டன் கொண்டாந்திருக்கீங்களா?"

கொண்டுபோயிருந்தேன். தாளோடு.