பதினொன்று முதல் ஒன்று வரை பெரியப்பா வீடு

இந்த ஊரில் மகன் தன் தாயைப் பார்க்கப் போனாலும் மோட்டலில் தங்குகிறான். கனடாவில், ஹாலிஃபாக்ஸ் கப்பல் பட்டறையில் என்னோடு வெல்டிங் செய்யும் டக் அப்படித்தான் போய்வந்தான். "அம்மாவோடு சண்டையா?" என்று கேட்டேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்தான். "இல்லையே, அந்த மோட்டலில் காலைச் சாப்பாடு நன்றாக இருக்கும்" என்றான். பன்னிரண்டு வருடம் இங்கே இருந்தும் எனக்கு அது விளங்கவில்லை. பிள்ளைகளே, இங்கே வளர்ந்த உங்களுக்கு விளங்கும். அதனால்தான் போன வாரம் நம் வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ரீனா, கிறிஸ்துமஸ் லீவுக்குச் சென்னை போகிறோம் என்றதும் நீ பள்ளிக்கூட வேலை மாதிரி உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டாய். 'பழமையான கடற்கரை நகரம்' என்று தலைப்பு வைத்தாய். அதில் கோட்டை இருந்தது, ராயபுரம் ரயில் நிலையமும் இருந்தது. சின்ன வயதில் நான் மழைக்கு ஒதுங்கிய நிலையம் சரித்திரச் சின்னம் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். தங்குவதற்கு எழும்பூரில் ஓட்டல். மூன்றாம் நாள், பதினொன்று முதல் ஒன்று வரை, பெரியப்பா வீடு. உன் தம்பி பிரவீன் அந்தக் கட்டத்துக்கு மஞ்சள் கலர் கொடுத்தான். நல்ல மனதோடு அதைப் பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாய். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

எங்கள் தெருவில் வெளிநாட்டிலிருந்து வருகிறவன் முதலில் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுவான். பிறகு பெட்டியோடு கூடப்பிறந்தவன் வீட்டில்தான் இறங்குவான். சொந்த ஊரில் ரூம் எடுத்தால் உறவை முறித்துக்கொண்டான் என்று அர்த்தம். என் அம்மா இறந்தபோது விசா சிக்கலில் என்னால் போக முடியவில்லை. நாங்கள் பிறந்த வீட்டிலேயே இருந்து ஹார்பரில் கிரேன் ஓட்டும் அண்ணன்தான் எல்லாம் செய்தார். அடக்கம் முடிந்ததும் போனில், "அழுவாதடா சேவி. எப்ப முடியுதோ அப்ப வா. வூடு கீது" என்றார். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை பனியிலும் வேலைக்குப் போனேன். இப்போது அந்த வீடு எனக்கு இருக்கிறதா, இல்லையா?

நீ திட்டத்தை அனுப்பிய ஐந்தாம் நாள் காலை நானே அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். ஸ்பீக்கரில் நீங்களும் கேட்டீர்கள்.

"இன்னாடா, எனுக்கு டைம் குட்த்துகிறியா? இது இன்னா டாக்டர் வூடா? ஹார்பர் ரோட்டுல கண்டெய்னர் லாரி வழி வுட்டாதானே நீ பதினோரு மணிக்கு வருவ?"

"அண்ணா, பசங்க தெரியாம…"

"பசங்க மேல போடாத. ஓட்டல்ல தங்குறவன் விருந்தாளி. வா, டீ குட்த்து அனுப்புறேன்."

நீ போனைப் பிடுங்கினாய். "சாரி பெரியப்பா. எங்களால உங்களுக்குத் தொந்தரவுன்னு நினைச்சேன். பிரவீனுக்கு இண்டியன் டாய்லெட் பழக்கமில்ல."

அங்கே பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது.

"கேக்குதா கண்ணு? அவனுக்கோசரம்தான் கக்கூஸ ஒடச்சி ஒரு வாரமாச்சி. வெஸ்டர்னு வைக்கிறோம். உங்க பெரியம்மா பக்கத்து வூட்டுக்குப் போய்கினு என்னத் திட்டிகினு கீறா. வேல முட்ச்சிட்டு போட்டோ அனுப்பலாம்னு இருந்தேன். அதுக்குள்ள உன் டைம்டேபுள் வந்திச்சி."

பிரவீன் சிரித்தான். என்னால் முடியவில்லை. ரீனா, நீ மன்னிப்புக் கேட்டாய், ஆனால் தப்பு என்னுடையது. அனுப்பும் முன் என்னிடம் காட்டினாய். எழும்பூர் ஓட்டல் என்று படித்துவிட்டுத்தான் சரி என்றேன். அந்த வீட்டில் அம்மா படுத்திருந்த அறையில், அவள் இல்லாமல் படுக்க எனக்குப் பயம். உன் திட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். போனை வாங்கி அதை அண்ணனிடம் சொன்னேன்.

அவர் சுத்தியலை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"நானும் அந்த ரூம்ல படுக்கறதில்லடா. வா. ரெண்டு பேரும் படுக்கலாம்."

ஓட்டலை ரத்து செய்தோம். மறுநாள், இப்போது கனடா பாஸ்போர்ட் வைத்திருக்கும் எனக்கு வேண்டிய இந்திய விசா விண்ணப்பத்தை நான் சொல்லச் சொல்ல நீ தட்டினாய். நிலையான முகவரி, ஹாலிஃபாக்ஸ். இந்தியாவில் உங்களை அறிந்தவர் யார் என்று கேட்டிருந்தார்கள். அண்ணன் பெயரைச் சொன்னேன். அடுத்து, தற்காலிகமாகத் தங்கும் இடம். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் பிறந்த வீட்டின் கதவு எண்ணைச் சொன்னேன்.