தண்டு ஆடியதை மறைத்தவனின் ஸ்தோத்திரம்

என் பொய்யால் ஒரு மனிதர் தன்னையே குற்றவாளி என்று நம்பி வாழ்ந்தார். அதை மறைத்துவிட்டு, கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்ல முடியாது.

றக்வானைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து ஆற்றோரம் இருந்த சிறிய நீர்மின் நிலையத்தில் நான் பொறியியலாளர். தண்ணீர் குறைந்தால் டர்பைனை நிறுத்த வேண்டும். குறைந்த தண்ணீர் டர்பைனின் சக்கரத்தை விட்டு வெளியேறும்போது கயிறுபோல் முறுக்கிக்கொண்டு சுழலும். அந்தச் சுழல், சக்கரம் பூட்டிய தண்டையே பிடித்து உலுக்கும். இதைப் படித்தவன் நான். ஆனாலும் அந்த வறட்சியில் நிறுத்தவில்லை. தொழிற்சாலைக்கு ஒருநாளும் கரண்ட் தடைப்படவில்லை என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது. அதிர்வு கூடினால் இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் சுவிட்சைத் துண்டித்தேன். சக்கரத்துக்குக் கீழே காற்று போகும் வால்வைத் திறந்துவிட்டேன். சுழலின் உறுமல் அடங்கியது. தண்டு மட்டும் உள்ளே ஆடிக்கொண்டே இருந்தது.

இயந்திரத்தை ஓட்டிய செல்வராஜ் சிரித்தார். "கத்திக்கிட்டு கெடந்தவள அடக்கிப்புட்டீங்களே சேர். எங்க வீட்டுக்கும் ஒரு வால்வு பூட்டித் தாங்க."

மறுநாள் காலை, தண்டைத் தாங்கும் பேரிங் நொறுங்கியது. டர்பைனின் மூடி பிளந்து தண்ணீர் அறைக்குள் பாய்ந்தது. செல்வராஜ் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிக்கொண்டார். மேலே ஓடினேன்; தண்ணீர் கொண்டுவரும் பெரிய குழாயை மூடும் வால்வு துருப்பிடித்து அசையவில்லை. தண்ணீர் அவர் கழுத்துக்கு வந்தது. "ஆண்டவரே, இவரை எடுத்துக்கொள்ளாதேயும்" என்று கதறினேன். அப்போதுதான் வால்வு திரும்பியது. தண்ணீர் அவர் தாடையில் நின்றது. ஒரு கால் போனது. உயிர் தப்பியது.

ஜெபம் கேட்கப்பட்டது. அதன் பிறகும் விசாரணையில், "பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை" என்றேன். எண்ணெய் விடுவது செல்வராஜின் வேலை. அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

அதற்குப் பிறகு என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்காலில் நிற்பேன், வார்த்தை வராது. கர்த்தர் என்னைக் கைவிட்டார் என்றே எண்ணினேன். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன்: உண்மையைச் சொல்லத் தைரியம் தாரும்.

அந்த வாரம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் நடந்த ஜெபக் கூட்டத்துக்கு செல்வராஜ் ஊன்றுகோலுடன் வந்தார். "எண்ணெய் விட நான்தான் மறந்திருப்பேன். என்னால சேருக்குக் கெட்ட பேரு. அவருக்காக ஜெபம் பண்ணுங்க" என்றார்.

நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். செல்வராஜ் எழுந்து வெளியே போனார்.

விசாரணையாளர்களிடமும் எழுதிக் கொடுத்தேன். என் பதவி போனது. செல்வராஜ் மேல் இருந்த பழி நீங்கியது. அவருக்கு நட்டஈடும் கொடுத்தார்கள். மன்னிப்புக் கேட்க வீட்டுக்குப் போனேன். அவர் என்னைப் பார்க்க வரவில்லை. மனைவி ரோசலின் வாசலில் நின்றே பேசினார்.

"எண்ணெய் விட்டேனா, விட்டேனான்னு ராவெல்லாம் பொலம்புவாரு சேர். கால் போனத விட அதுதான் அவரத் தின்னுச்சு. இப்பதான் தூங்குறாரு. நீங்க போங்க."

பிரியமானவர்களே, சொல்ல முடியாத உண்மையை வைத்துக்கொண்டு தவிக்கிறவர்கள் உங்களில் இருந்தால் கர்த்தரிடம் தைரியம் கேளுங்கள். என்னைப்போல் தாமதிக்காதீர்கள். செல்வராஜ் இன்றுவரை என்னோடு பேசவில்லை. ஆனால் தூங்குகிறார். அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.