விக்னேஸ்வரிக்குப் படாது என்று சொன்னவன் எழுதுவது

செய்தி ஓர் எழுத்துப் பிழையோடு வந்தது. செவ்வாய்க்கிழமை, பள்ளியில் ஓய்வு நேரம். சிற்றுண்டிச் சாலையில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தேன். நம் போட்டிக் குழுவில் அமைப்பாளர் சுரேன் ஒரு படம் போட்டிருந்தார். இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி, சுற்றிலும் ரோஜா, நடுவில் விக்னேஸ்வரியின் முகம். மேலே ‘ஆழ்ந்த இறங்கல்’. கீழே, தீப்பற்றி எரிகிற எழுத்தில், ‘எந்த அடியும் படாத எங்கள் விக்கி அக்கா’. ஓரத்தில் ஒரு பானக் கம்பெனியின் சின்னம். அது அவருடைய முகத்தைவிடப் பெரியதாக இருந்தது.

நான் தமிழாசிரியன். இரங்கலுக்கு இடையின ர என்று இருபது வருடமாகப் பலகையில் எழுதுகிறவன். இறங்கல் என்றால் பேருந்திலிருந்து இறங்குவது. ஆள் போய்விட்டார் என்பது உறைக்கும் முன்னால் அந்த ற மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. ‘எழுத்தைத் திருத்துங்கள்’ என்று குழுவில் பதிலும் போட்டேன். வெட்கக்கேடுதான், ஆனால் நடந்தது அது. அதன் பிறகுதான் சாப்பிட முடியாமல் பொட்டலத்தை மடித்து வைத்தேன்.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அறியாத யாராவது படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. விக்னேஸ்வரி கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸில், ஒரு பூக்கடைக்கு மேலே உள்ள மாடி மண்டபத்தில், திரையில் இருவர் மோதும் சண்டை விளையாட்டுப் போட்டிகளுக்குத் தமிழில் வர்ணனை செய்தார். எட்டு வருடம் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நானும் வர்ணனை செய்தேன். என்னைவிட இரண்டு வயது இளையவர். அஞ்சலி எழுதும்போது குமட்டுகிறது என்று சொல்லக்கூடாது என்பார்கள். எனக்கு ஒரு வாரமாகக் குமட்டுகிறது. அதில் பாதி என்மேல்தான்.

முதல் சந்திப்பு எங்கள் பள்ளி வாசலில். பள்ளி விட அரை மணி நேரம் இருந்தது. மஞ்சள் வேனில் ஒரு பெண் மடிக்கணினியை ஸ்டியரிங் மேல் சாய்த்து வைத்து, ஒரே விசையைத் தட்டித் தட்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால், நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடுகிற அதே விளையாட்டு. ஒரு குண்டு மல்லன் தோளைத் தாழ்த்திப் பாய்கிறான். எதிராளி குத்துகிறான். மல்லன் நிற்காமல் வருகிறான்.

“அது இன்வின்சிபிள் மூவ்,” என்றேன், வாய் சும்மா இருக்காமல்.

“யாரு சொன்னா?”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

“நீங்க வாத்தியார்தானே சார்? எல்லாரும் சொன்னா சரியாயிருமா? உள்ள ஏறுங்க லா, வெயில்ல நிக்காதீங்க.”

ஏறினேன். அவர் திரையில் பெட்டிகளை வரவழைத்தார். இந்த ஆட்டத்தில் ஒவ்வோர் ஆள்மேலும் கண்ணுக்குத் தெரியாத பெட்டிகள் உண்டு. குத்துகிற கையின் பெட்டி எதிராளி உடம்பின் பெட்டியைத் தொட்டால் அடி பட்டதாக இயந்திரம் எடுத்துக்கொள்ளும். ஒரு நொடியை அறுபது துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் அது இதைப் பார்க்கிறது. சில அசைவுகளில், சில துண்டுகளுக்கு, உடம்பின் பெட்டியே இருக்காது. குத்து அந்த உடம்பின் ஊடே போய்விடும். வேறு சிலவற்றில் பெட்டி இருக்கும், குத்து போய் மோதும், மோதிய சத்தம்கூடக் கேட்கும், ஆனால் ஒன்றும் ஆகாது. இந்த மல்லனுடையது இரண்டும் இல்லை. இவனுக்கு இருப்பது கவசம்.

“குத்து பட்டுச்சா? பட்டுச்சு. அசைஞ்சானா? அசையல. நீங்க இதோட நிறுத்திட்டீங்க. கொஞ்சம் மேல பாருங்க சார்.”

திரையின் உச்சியில், மல்லனின் உயிரைக் காட்டும் பச்சைக் கோடு ஒரு விரல் அகலம் குறைந்திருந்தது.

“நிக்கிறது தெரியுது, கோடு குறையறது தெரியலையா?”

மணி அடித்துப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். நான் இறங்கிக்கொண்டேன். சொல்லுக்குச் சொல் திருத்துகிற என்னை ஒருவர் திருத்தியது எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த நாளும் போய் வேனில் ஏறினேன்.

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்கு அவரை அழைத்துப் போனவன் நான்தான். அதற்கு முன்னால் நம் வர்ணனை எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? ‘வாவ்’ என்பதும் ‘அய்யோ’ என்பதும்தான். அவர் வந்த பிறகு மூன்றுக்கும் மூன்று சொல் கிடைத்தது. குத்து ஊடே போனால், “ஆளே அங்க இல்ல.” மோதியும் ஒன்றும் ஆகாவிட்டால், “பட்டும் பலிக்கல.” கவசம் என்றால், “வாங்கிட்டான், நிக்கிறான்.” பயல்கள் கொமுட்டர் ரயிலில்கூட இதைக் கத்திக்கொண்டு போனார்கள். கவசத்தோடு பாய்கிறவனை எதிராளி குத்தாமல் பிடித்துத் தூக்கி எறிந்துவிட்டால், அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிடுவார். “கவசம் அடிக்குத்தான் சார், பிடிக்கு இல்ல!”

ஒரு முறை சுங்கை பூலோவிலிருந்து வந்த ஆட்டக்காரர் ஒருவர், தன் குத்து எதிராளியின் ஊடே போகிறது, இயந்திரத்தில் ஏதோ கோல்மால் என்று சண்டைக்கு நின்றார். அவருடைய ஆட்கள் மேடையைச் சுற்றிக்கொண்டார்கள். சுரேனைத் தேடினால் காணோம். விக்னேஸ்வரி மேலே ஏறிப் பதிவைத் திருப்பி ஓட்டி, ஏழாவது துண்டில் நிறுத்தினார். எதிராளியின் உடம்பில் பெட்டி இல்லை. “பாருங்கண்ணே, ஆளே அங்க இல்ல. இல்லாத ஆள யாரு அடிக்கிறது?” அந்த மனிதர் சிரித்துவிட்டார். கீழே இறங்கியதும் விக்னேஸ்வரி என் காதருகே சொன்னார்: “நம்ம சுரேன் பாஸும் அப்படித்தான் சார். பிரச்சினைன்னு வந்தா அவருக்குப் பெட்டியே கெடையாது.”

இனி அருவருப்பான பகுதிக்கு வருகிறேன். நேரலையில், ஆட்டத்துக்குப் பக்கத்தில் பார்வையாளர்கள் எழுதுவது, சாட் என்பார்கள், ஓடிக்கொண்டே இருக்கும். எழுதுகிறவர்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. அவருடைய வயதைப் பற்றி, உடம்பைப் பற்றி, அவர் கட்டியிருக்கும் சேலையைப் பற்றி எழுதுவார்கள். சிலவற்றை அவரே படித்துக் காட்டுவார். “‘ஆன்டி, வீட்டுல சாம்பார் கருகுது’ன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. கருகட்டும். ரெண்டாவது சுற்று.” மண்டபம் கைதட்டும். நானும் தட்டினேன். அவர் படிக்காமல் விட்டவையும் இருந்தன. திரை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்ததால் அவற்றை நானும் பார்த்தேன். இங்கே எழுத மாட்டேன். அவற்றை அழிக்கிற பொத்தான் என் கைப்பக்கம்தான் இருந்தது. கூட்டம் குறைந்துவிடும், அழிக்க வேண்டாம் என்று சுரேன் சொல்லியிருந்தார். நான் அழிக்கவில்லை.

போன வருடம் ஒருவன் அவருடைய முகத்தை வேறு யாரோ உடம்பில் ஒட்டி ஒரு வீடியோ செய்து, அந்தச் சாட்டில் போட்டான். அன்று போட்டி முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது சுரேன் என்னிடம் வந்தார்.

“சார், சாட்ட மூடிரலாமா? மூடினா ஸ்பான்சர் கேப்பான். நீங்கதான் அவங்களுக்கு நெருக்கம், நீங்க சொல்லுங்க.”

“விக்னேஸ்வரிக்கா? அவங்களுக்கு அதெல்லாம் படாது பாஸ்.”

பெருமையாகத்தான் சொன்னேன். விக்னேஸ்வரி எனக்குப் பின்னால், மைக் வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார்.

“படாதா, சார்?”

எங்கள் வர்ணனைச் சொல்லை வைத்துக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் வயரைப் பெட்டியில் வைத்து மூடினார். “அப்ப சரி,” என்றார். வழக்கமாகக் கிள்ளான் வரும்வரை ரயிலில் அன்றைய ஆட்டங்களைப் பிரித்து மேய்வோம். அன்று அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு வரவில்லை. வேன் பழுது என்றார். திரும்பி வந்தபோது மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். “பசியாறலையா?” என்று கேட்டேன். “ஏர்கோன் இல்லாத படி சார்,” என்றார். மேலே வந்து மைக்கைப் பிடித்ததும் குரல் பழையபடி இருந்தது. அந்தக் குரலே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அவருடைய கடைசி நடையைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியாது. திங்கட்கிழமை மதியம், வேன் நிறையப் பிள்ளைகள். நெஞ்சைப் பிடித்தவர் வண்டியைப் பத்திரமாக ஓரம் கட்டி, கைப்பிரேக்கை இழுத்து, எதிர்க் கட்டடத்தில் காவலுக்கு இருந்த ஜாகாவைக் கூப்பிட்டு, பிள்ளைகளை வேறு வேனில் ஏற்றிவிடச் சொல்லியிருக்கிறார். தினமும் கடைசி நிறுத்தத்தில் இருக்கைக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்து, “எல்லாரும் இறங்கியாச்சா? யாரும் தூங்கலையே?” என்று கேட்பது அவர் வழக்கம். அன்றும் கேட்டாராம். மருத்துவமனைக்குக் கொண்டுபோன இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

இறுதிச் சடங்கன்று அவருடைய தங்கை சாந்தி எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகாமல் பக்கத்திலேயே நின்றார்.

“அந்த வீடியோ வேன் பேரண்ட்ஸ் குரூப்புக்கே வந்துருச்சு சார். யாரு அனுப்பினான்னு தெரியல. மூணு வீட்டுப் பிள்ளைங்கள நிறுத்திட்டாங்க. ஒரு அம்மா ஸ்கூல் கேட்டு கிட்ட நின்னு, எல்லாரு முன்னாடியும், இந்த மாதிரி பொம்பள கூடவா எம் பிள்ளைய அனுப்பறதுன்னு கேட்டாங்க.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே, சாந்தி.”

“நாந்தான் சொன்னேன், சார்கிட்ட சொல்லு, அவரு எதாச்சும் பண்ணுவாருன்னு. அக்கா கேக்கல. ‘எனக்குப் படாதுன்னு சார் நெனச்சிக்கிட்டு இருக்காரு, அப்படியே இருக்கட்டும்’னாங்க.”

அந்தக் காப்பியைக் குடித்தேன். என்ன சுவை என்று தெரியாது. வீடியோதான் அவரைக் கொன்றது என்று நான் எழுத மாட்டேன். நான் மருத்துவன் இல்லை. நெஞ்சுக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம், ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார்களாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எட்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் நான் ஒரு நாளும் மேலே பார்க்கவில்லை.

போன ஞாயிறு அவர் நினைவாக ஒரு போட்டி நடத்தினோம். மண்டப வாசலில் அதே படத்தைப் பெரிய பதாகையாக்கிக் கட்டியிருந்தார்கள். என் பேச்சைக் கேட்டு ‘இரங்கல்’ என்று திருத்தியிருந்தார்கள். ‘எந்த அடியும் படாத’ என்பது அப்படியே இருந்தது. அதையும் மாற்றச் சொன்னேன். “ஒரு வார்த்தைதானே சார், யாரு பாக்கப் போறா?” என்றார் சுரேன். நேரலையில் அவரைப் பற்றி எழுதி எழுதி விரல் தேய்ந்தவர்களும் வரிசையில் நின்று மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். இரண்டு பேருடைய புனைபெயர் எனக்குத் தெரியும். அவர்கள் அழுதார்கள். அந்தக் கண்ணீர் பொய் என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை, அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது.

முதல் ஆட்டத்திலேயே அந்தக் குண்டு மல்லன் தோளைத் தாழ்த்திப் பாய்ந்தான். குத்து விழுந்தது. மண்டபமே எழுந்து, “வாங்கிட்டான், நிக்கிறான்!” என்று கத்தியது. அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. அதன் பிறகு அவர் பச்சைக் கோட்டைக் காட்டுவது ஒருவருக்கும் நினைவில்லை போலும். நான் மைக்கை எடுத்து, “நிக்கிறது தெரியுது, கோடு குறையறது தெரியலையா?” என்றேன். சிரிப்பும் விசிலும் பறந்தன. சுரேன் வந்து தோளில் தட்டி, “செம டச் சார்,” என்றார். மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு, வயரைச் சுற்றாமலே படியிறங்கிக் கொமுட்டரைப் பிடித்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ‘படாதா, சார்?’ என்ற அந்த ஒரு கேள்வி. அதைக் கேட்டபோது அவர் எனக்கு வழி திறந்துவிட்டார். சிரித்து அதை மூடியது நான். பிள்ளைகள் தப்பாக எழுதினால் சிவப்பு மையில் வட்டமிட்டுப் பக்கத்தில் சரியான சொல்லை எழுதுவது என் வேலை. மிகத் தாமதமாக, நான் சொன்ன சொல்லுக்கும் அதைச் செய்கிறேன். பட்டது, விக்னேஸ்வரி. ஒவ்வொன்றும் பட்டது. பொத்தான் என் கைப்பக்கம்தான் இருந்தது.