மச்சானின் ஞாபகப் பரிசோதனை

தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது. சுபஹுத் தொழுகை முடிந்து பள்ளியிலிருந்து நடந்து வரும்போது மச்சான் நூறிலிருந்து ஏழேழாகக் குறைத்துக்கொண்டு வருவார். கல்முனைக் கடற்கரை வீதியில் மீன் ஏற்றிய சைக்கிள்கள் எங்களைக் கடந்து போகும். எழுபத்திரண்டில் சற்று நிற்பார். பிறகு அறுபத்தைந்தைப் பிடித்துவிடுவார். அந்த மாதங்களை நினைத்தால் முதலில் வருவது அந்தக் குரல்தான்.

மச்சான் என் மூத்த சகோதரியின், எங்கள் ராத்தாவின், கணவர்; நெல் வியாபாரி. எந்தப் போகத்தில் நற்பிட்டிமுனையின் எந்த வயல் வெள்ளத்தில் போனது என்பதை அவரிடம் கேட்டுத்தான் நான் குறித்துவைப்பேன். நாள் கிழமையில் நான் பிழைவிட்டால் அவர் திருத்துவார். ராத்தா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு அவருக்கு மறதி தொடங்கியது. முதலில் பெயர்கள் போயின, பிறகு வழிகள். இளைய மகளை ராத்தாவின் பெயரால் கூப்பிடத் தொடங்கினார். அவள் திருத்தவில்லை. அந்தப் பெயருக்கே வந்து நின்றாள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. ஆண் உம்மாவின் வீட்டில் பிறந்து, மனைவியின் வீட்டில் வாழ்ந்து, வயது போனால் ஒரு மகளின் வீட்டில் இருப்பான். ராத்தாவின் வீடு மூத்த மகளுக்குப் போயிற்று. இளையவளுக்கென்று மச்சான் காணி வாங்கி வேறொரு வீடு கட்டினார். அவளும் அவரும் அதில் இருந்தார்கள். உறுதிப் பத்திரம் மட்டும் அவர் பெயரில் கிடந்தது. அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடிந்ததும், நிக்காஹுக்கு முன் வீட்டை எழுதித் தரும்படி மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். உறுதி எழுதும் நொத்தாரிசு தயங்கினார். மச்சானின் மறதி ஊருக்கே தெரிந்த விஷயம். புத்தி தெளிவாக இருக்கிறதென்று மருத்துவர் எழுதித் தந்தால்தான் அவரிடம் ஒப்பம் வாங்க முடியும் என்றார்.

மனப்பயிற்சி பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். பழக்கிய கணக்கில் கை தேறும், அதனால் மனம் முழுதும் தேறிவிடும் என்று நம்ப வேண்டாம் என்றே நிதானமானவர்கள் எழுதியிருந்தார்கள். ஆனாலும் பழக்கினேன். கழித்தல், மூன்று சொற்களை நினைவில் வைத்தல், மணிக்கூடு வரைதல், கிழமை, திகதி.

"இண்டைக்கு என்ன கிழமை மச்சான்?"

"கலண்டரைக் கட்டிப்பிடிச்சிட்டுப் படுக்கிற ஆள் நீ. என்னட்டக் கேக்கிறாய்."

மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தபடி, "மாமா, சோதினையில வாப்பா பாஸ், நீங்கதான் பெயில்" என்பாள். அந்த நாட்களில் அவள் சிரித்தாள்.

பரிசோதனை ஒரு திங்கட்கிழமை காலையில் நடந்தது. மருத்துவர் இளம் பெண், கொழும்பில் வளர்ந்தவர், தன்மையாகப் பேசினார். மச்சான் கிழமையைச் சொன்னார். ஏழேழாகக் குறைத்தார். வாழைப்பழம், திறப்பு, கதிரை மூன்றையும் ஒழுங்கு மாறாமல் திருப்பிச் சொன்னார். மணிக்கூட்டில் முட்களைச் சரியாகப் போட்டார். பிறகு மருத்துவர், "உங்கட வீடு எங்க இருக்கு ஐயா?" என்று கேட்டார்.

"எனக்கு ஏது ஊடு டொக்டர்?"

"இப்ப இருக்கிற வீடு?"

"அது மகள்ட ஊடு."

"அதைத்தானே அவவுக்கு எழுதப் போறீங்க?"

"எழுத என்ன இருக்கு? கல்லு வெச்ச அண்டைக்கே குடுத்துட்டேனே."

எங்கள் ஊரில் எந்த ஆண்பிள்ளையும் சொல்லக்கூடிய பதில் அது. அத்திவாரம் போட்ட நாளிலிருந்து ஊரும் அதை இளையவளின் வீடென்றுதான் சொல்லி வந்தது. நான் மருத்துவரிடம் எங்கள் வழக்கத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "எனக்கு விளங்குது. ஆனா உறுதி தன்ர பேரில இருக்கிறது அவருக்குத் தெரியாது. தெரியாத ஒண்டை எப்படி எழுதிக் குடுப்பார்?" என்றார். மச்சானிடம் இன்னும் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். அதே பதில்தான் வந்தது. அது வழக்கம் சொன்ன பதிலா, நோய் சொன்ன பதிலா என்று என்னாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் முடியாது. மருத்துவர் எழுதித் தரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

மாப்பிள்ளை வீட்டார் அடுத்த நோன்பு வரை பொறுத்தார்கள். பிறகு வேறு இடத்தில் முடித்தார்கள். செய்தியை நான்தான் போய்ச் சொன்னேன். மகள் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். "ஓம் மாமா" என்றாள். தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை.

இப்போது மச்சான் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தால் நேரே உள்ளே போவதில்லை. வாசல் படலையில் நின்று சலாம் சொல்வார். கட்டிக்கொடுத்த மகளின் வீட்டுக்கு வரும் தகப்பன் நிற்பதுபோல, இடுப்புச் சாரத்தைச் சரிசெய்துகொண்டு, கூப்பிடும்வரை நிற்பார். நேற்றும் நின்றார். நான் பின்னால் நின்றேன்.

"மருமகன் இருக்காரா புள்ள?"

"இல்ல வாப்பா, வெளிய போயிருக்கார்" என்று சொல்லிக்கொண்டே மகள் படலையைத் திறந்தாள். "நீங்க உள்ளுக்கு வாங்க."