பதிமூன்றாம் வாய்ப்பாடு

எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவன் நான்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கல்லூரியில் சேரும்போது அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம். எனக்கு மட்டும் அதில் ஓர் ஆட்சேபணை உண்டு.

எனக்கு வலிப்பு உண்டு. இப்போது மாத்திரைக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கிறது. நான்காம் வகுப்பில் அது யாருக்கும் கட்டுப்படவில்லை. தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லைனில் வீட்டுக்கு வீடு அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். நான் விழுந்தால் கை கையாகச் சாவிக்கொத்துகள் ஓடி வரும். சுரங்கத்தில் உழைத்த குடும்பங்கள் என்பதால் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. ஒருமுறை கண் விழித்தபோது, சொந்த வீட்டிலேயே திருட வந்தவனைப் போலக் கையில் கடப்பாரையோடு கிடந்தேன்.

அம்மா என்னைப் பெங்களூருக்கு அழைத்துப் போனாள். கையில் எதையும் கொடுக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்றார் டாக்டர். நிறையப் பிள்ளைகள் இதோடு நன்றாகப் படிக்கிறார்கள், சிலருக்கு ஞாபகத்தில் தடுமாற்றம் இருக்கும், பாடத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக் கொடுங்கள் என்றும் சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அப்பாவிடம் கேட்கவும் வழியில்லை. அவரும் பள்ளிக்கூடம் போனவரில்லை. அதோடு விடியுமுன் மாரிகுப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய், நான் தூங்கிய பிறகுதான் வருவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் வீட்டில் அப்பா உண்டு.

வலிப்பு வந்து போனால் அன்று காலை படித்ததையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும். மிச்சத்துக்கு மாத்திரை கண்ணைச் சொக்க வைக்கும். ஆகவே அம்மா ஒரு வேலை செய்தாள். சாயங்காலம் என்னைப் பாடத்தை உரக்கச் சொல்லச் சொல்வாள். "நீ சொல்லு கண்ணு, நான் வாங்கி வெச்சிக்கிறேன்" என்பாள். ஆங்கிலமோ கன்னடமோ, பொருள் புரிகிறதோ இல்லையோ, ஓசையை அப்படியே வாங்கிக்கொள்வாள். நான் விழுந்து எழுந்து பேந்தப் பேந்த விழிக்கும்போது, வாங்கி வைத்ததைத் திருப்பிக் கொடுப்பாள். ஆண்டர்சன்பேட்டையில் அவள் வேலை பார்த்த துணிக்கடையில், புடவை மடித்துக்கொண்டே 'தேர்ட்டீன் டூஸா ட்வென்ட்டி சிக்ஸ்' என்று முணுமுணுப்பாளாம். இது எந்தக் கோயில் மந்திரம் என்று முதலாளி விசாரித்தாராம்.

எல்லா அம்மாக்களும் இப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் தலைமை ஆசிரியை அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். நாங்கள் அவரைப் பெரிய மிஸ் என்போம்.

"உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு மூளை ஓரளவுக்கு மேல வளராது. ரெண்டாவதுல கொண்டுபோய் உக்கார வைக்கிறேன். இல்லாட்டி வீட்டுலயே வெச்சுக்குங்க."

"ஓரளவுன்னா எந்த அளவு, மிஸ்? ஒருவாட்டி கேட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்களேன்" என்றாள் அம்மா.

பெரிய மிஸ் மேஜை மேலிருந்த நாட்காட்டியைப் புரட்டினார். சரி, திங்கட்கிழமை கேட்கிறேன், பதிமூன்றாம் வாய்ப்பாட்டைப் பார்க்காமல் சொல்லட்டும், சொன்னால் நாலாவதிலேயே இருக்கட்டும் என்றார்.

செய்தி கேட்டு அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. "இன்னாடி, உடம்பு இருக்கற இருப்புல புள்ளயப் போட்டு வதைக்கற? இவன் படிச்சி கலெக்டர் ஆவப் போறானா?"

"ஆவ மாட்டான்னு கலெக்டர் வந்து உங்ககிட்ட சொன்னாரா?" என்றாள் அம்மா. அத்தை காபிகூடக் குடிக்காமல் போனாள்.

திங்கட்கிழமை காலை, பெரிய மிஸ்ஸின் அறைக்கு வெளியே வராந்தாவில் நின்றது வரைதான் எனக்கு நினைவிருக்கிறது. அங்கேயே விழுந்திருக்கிறேன். சாவியோடு ஓடி வந்த பியூனை அம்மா ஒதுக்கி நிறுத்தியிருக்கிறாள். இதற்குப் பிறகு என்ன பரீட்சை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று பெரிய மிஸ் சொல்லியிருக்கிறார். அவரும் இரக்கத்தோடுதான் சொன்னாராம்.

"எழுந்திரிக்கட்டும் மிஸ். திங்கக்கெழமன்னு சொன்னீங்க. திங்கக்கெழம இன்னும் முடியலயே."

அந்த வராந்தாவில், பள்ளிக்கூடமே வேடிக்கை பார்க்க, என் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் தூங்கி எழுந்தபோது மதியச் சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்திருந்தது. முகத்தைக் கழுவிவிட்டு என்னை அறைக்குள் நிறுத்தினாள்.

பெரிய மிஸ் கேட்டார். எனக்கு ஒன்றும் வரவில்லை. பதிமூன்று என்று ஓர் எண் இருப்பதே அப்போதுதான் தெரிந்ததுபோல் நின்றேன்.

"தேர்ட்டீன் ஒன்ஸா தேர்ட்டீன்" என்றாள் அம்மா.

"நீங்க சொல்லக் கூடாதும்மா."

"என்து இல்ல மிஸ், அவன்துதான். எங்கிட்ட குடுத்து வெச்சிருந்தான்."

அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. கிணற்றில் விழுந்த வாளி கயிற்றோடு மேலே வருவதுபோல் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. டூஸா, த்ரீஸா, ஃபோர்ஸா. பெரிய மிஸ் பேனாவைக் கீழே வைத்தார். நான் குரலை உயர்த்தி, "தேர்ட்டீன் செவன்ஸா எய்ட்டி ஒன்" என்றேன்.

"நில்லு. செவன்ஸா?"

"எய்ட்டி ஒன், மிஸ்."

பெரிய மிஸ் அம்மாவின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

"எய்ட்டி ஒன்" என்றாள் அம்மா, சற்றும் தயங்காமல்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது மிஸ்."

"பதிமூணேழு தொண்ணூத்தி ஒண்ணு. நைன்ட்டி ஒன். ரெண்டு பேரும் தப்பு."

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. நான் எந்நாளோ தப்பாகச் சொன்னதை அவள் அப்படியே பத்திரப்படுத்தி, ஒவ்வொரு முறையும் அதையே எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். நான் மனசுக்குள் ரெண்டாவது வகுப்பின் கடைசி பெஞ்சைப் பார்த்துவிட்டேன்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"இதத்தான் மிஸ் மாசம் பூரா சொல்லிகினு இருக்கான். நடுவுல எத்தினி தபா வுழுந்தான், இன்னிக்கி உங்க கண்ணெதிர வுழுந்தான். அந்தத் தப்பு அழிஞ்சிப் போச்சா? தப்பையே மறக்காத புள்ள சரியானத மறந்துடுமா? சரியா சொல்லிக் குடுங்க. வெச்சிக் காப்பாத்தறத நாங்க பாத்துக்கறோம்."

பெரிய மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் வகுப்பு மிஸ்ஸைக் கூப்பிட்டு, "இவனை முதல் பெஞ்சில உக்கார வைங்க" என்றார்.

எனக்கு எல்லாம் சுலபமாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மற்றவர்கள் ஒருமுறை படிப்பதை நான் பலமுறை படித்தேன். இன்றும் பேச்சின் நடுவில் ஆட்களின் பெயர் நழுவும். என்னைவிட அதிகம் தடுமாறும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் முதல் பெஞ்சில் இடம் வேண்டும். வலிப்பு வந்த பிள்ளைக்கு மூளை இவ்வளவுதான் என்று யாராவது சொன்னால், எந்தப் படியால் அளந்தீர்கள் என்று நான் கேட்காமல் விடுவதில்லை.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில், சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டைத் தாண்டும்போது அம்மா அழுதாள். ஜெயித்துவிட்டு வந்தவள் ஏன் அழுகிறாள் என்று யோசித்தேன். கணக்குத் தப்பாகிவிட்ட வருத்தம் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"வுடும்மா, நானும்தான் தப்பா சொன்னேன். நைன்ட்டி ஒன். எங்க, சொல்லு."

"நைன்ட்டி ஒன்" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"முழுசா சொல்லு."

"தேர்ட்டீன் செவன்ஸா நைன்ட்டி ஒன்."

வீடு வந்து சேரும்வரை விடாமல் சொல்ல வைத்தேன். படிப்பில் அம்மா கொஞ்சம் சுமார்தான், ஆனாலும் நான் பக்கத்திலிருந்து சொல்லிக் கொடுத்தால் தேறிவிடுவாள் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.