நகம் எண்ணாமல் எடுத்த குட்டி

எழுபதுகளில் தியாகராய நகரில் நாங்கள் நாய் வாங்கியது காவலுக்கு அல்ல. போலியோவில் கால் சூம்பி, இரும்புப் பட்டை வைத்த ஷூவோடு நடந்த என் மகளுக்காக. கடைத்தெருக் கூட்டத்தில் யாரோ இடித்து விழுந்த பிறகு, பள்ளிக்கூடம் தவிர வேறெதற்கும் அவள் படி இறங்கவில்லை. நாயை நடத்திப் போகவாவது தெருவுக்கு வருவாள் என்று எனக்கு ஒரு நப்பாசை.

ஜவுளிக்கடை வைத்திருந்த என் கணவருக்கு நாய் என்றால் அல்சேஷன்தான். "போலீஸ் நாய் மாதிரி வாசல்ல நிக்கணும்" என்பார். அது ஒரு துள்ளு துள்ளினால் பிள்ளை குப்புற விழுவாளே என்ற யோசனை மனிதருக்கு இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மயிலாப்பூரில் ஒரு கால்நடை டாக்டரிடம் அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

"லாப்ரடார் எடுங்க, பிள்ளைங்ககிட்ட பொறுமையா இருக்கும்" என்றார் டாக்டர். "ஆனா தாயை நடக்கவிட்டுப் பாருங்க, இடுப்பு ஆடக் கூடாது, அந்தக் கோளாறு குட்டிக்கும் வரும். குட்டி சத்தத்துக்கு மிரளுதா, மேல பாயுதான்னும் பாருங்க."

குட்டியை நீயே பார்த்து எடு என்று கெஞ்சி, மகளையும் டாக்சியில் ஏற்றிக்கொண்டு போனோம். அவர் சொன்ன அடையாறு வீட்டில், தாய் நாய் தோட்டத்தைச் சுற்றி நேராக நடந்தது. அதற்குள் என் கணவர் குட்டிகளை மல்லாத்தி நகம் எண்ண ஆரம்பித்துவிட்டார். திருநெல்வேலிப் பக்கம் அவர்கள் ஊரில் நகக் கணக்குப் பார்த்துத்தான் நாய் எடுப்பார்கள்.

"இதான் ராசியான குட்டி" என்று கொழுத்த ஒன்றைக் கீழே விட்டார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகள் எழுந்தாள். இரும்பு தரையில் இடித்தது. ராசிக்குட்டி பாய்ந்து வந்து அவள் பாவாடையைக் கவ்வி இழுக்க, தடுமாறியவளை நான் பிடித்துக்கொண்டேன். இன்னொன்று பெஞ்சுக்கு அடியில் ஒளிந்தது. காது மட்டும் பழுப்பான ஒரு குட்டி மெல்ல வந்து, இரும்பை முகர்ந்து பார்த்து, அவள் ஷூ மேலேயே உட்கார்ந்துவிட்டது.

"இது போதும்மா" என்றாள் மகள்.

கணவர் அதன் காலைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நாய் உங்களுக்கா, அவளுக்கா?" என்றேன். மனிதர் குட்டியின் காலைக் கீழே விட்டார்.

வீட்டுக்கு வந்து பல வாரங்கள் ஆகியும் இருவரும் கூடத்தோடு சரி. என் ஆசை வீண்தானோ என்று மனசு சோர்ந்துபோயிற்று. ஒரு சாயங்காலம் குட்டி வாசலில் நின்று முனகியது. அடுப்படியிலிருந்து நான் வருவதற்குள் மகள் சங்கிலியைக் கையில் எடுத்திருந்தாள். அவசரமாகச் செருப்பை மாட்டினேன்.

"நீ வராதம்மா. அதுக்கு நான் ஒருத்தி போதும்."

பிடிவாதமாக நின்ற இடத்திலேயே நின்றேன். குட்டி அவள் வேகத்துக்கே நடந்தது. தெருமுனையைத் தொட்டதும் திரும்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மூலை திரும்பிப் போயே விட்டாள்.