மாரிக்கு இந்த வீட்டில் எத்தனை பேர்

போனில் திறக்கிற மெப்பில், ஊர்ப் படத்தில், ஒரு நீலப் புள்ளி வரும். அது நான். நடந்தால் நடக்கும், நின்றால் நிற்கும். தோணியில் போனால் தண்ணீருக்கு நடுவில் போகும். வாவியின் மேல் மெப்பில் வேறு ஒன்றும் இருக்காது. ஒரு பேர்கூட எழுதியிருக்காது. நீலத் தண்ணீர், அதில் இன்னும் கடும் நீலத்தில் நான்.

போன் மகள் அனுப்பியது. மகள் கட்டாரில் இருக்கிறாள், புருசனோடும் ஒரு பெண்பிள்ளையோடும். மனைவி இறந்து இரண்டு வருசம். பிரேதம் எடுத்த அன்று மகளால் வர முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் அதில் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் எனக்கென்று ஒரு போன் வந்தது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துக்கூட்டி வாசிப்பேன். போன் பழக ஒரு மாதம் போனது. இப்போது கரண்ட் பில் அதில்தான் கட்டுகிறேன். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு வலை எடுக்கிறேன். சில நாள் போன் சொல்வது ஒன்று, வாவி செய்வது ஒன்று. பிரசர் குளிசைக்கு மகள் வீடியோவில் காட்டிக் காட்டி ஒரு மணி வைக்கச் செய்தாள். காலை ஏழரைக்கு அடிக்கும். அந்த மணியும் இல்லாவிட்டால் காலையில் வீட்டு வளவுக்குள் ஒரு சத்தமும் இராது.

இந்த வருசம் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் மட்டக்களப்பிலிருந்து ஒரு திட்டத்து ஆட்கள் எங்கள் ஊர் பனிச்சங்கேணிக்கு வந்தார்கள். மாரி மழையில் எங்கள் பக்கம் தண்ணீர் ஏறும். வெளியிலிருந்து போட் கொண்டு வருகிறவர்களுக்கு எந்தத் தெரு ஒழுங்கை தாழும், எந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று தெரியாது. போன மாரியில் ஆளில்லாத வீட்டுக்கு இரண்டு தரம் போட் போனது. ஆள் இருந்த வீட்டில் கூரையில் ஏறி நின்றார்கள். அதனால் எல்லா வீட்டையும் மெப்பில் குறிக்க வேண்டும் என்றார்கள். குறிக்கிற ஆளுக்குத் தண்ணீர் போகும் வழியும் தெரிய வேண்டும், போனும் தெரிய வேண்டும். இளம் ஆட்களுக்குப் போன் தெரியும். வழி தெரிந்த என் வயதுக்காரருக்குப் போன் தெரியாது. இரண்டும் தெரிந்த ஆள் நான்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

அவர்களின் ஒஃபிஸில் வேலை செய்யும் ஒரு பெண்பிள்ளை வந்து காட்டித் தந்தாள். என் மகளைவிட இளையவள். வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். நீலப் புள்ளி அசையாமல் நிற்கும்வரை பொறுக்க வேண்டும். பிறகு பொத்தானை அமத்த வேண்டும். கேள்விகள் வரும். கடைசிக் கேள்வி இது: வருகின்ற மாரியில் இந்த வீட்டில் இருப்போர் எத்தனை பேர்? எண்ணைப் போட்டால் வீடு பச்சையாகும். சைபர் போட்டால் சாம்பல் நிறம். பச்சைக்குப் போட் போகும். சாம்பலுக்குப் போகாது.

விடிகிற வெள்ளாப்பில் வலை எடுத்துவிட்டு, மறுகா வீடு வீடாகப் போனேன். வெயில் சுட்டது. போனின் முகம் வெயிலில் தெரியாது. தோளில் கிடந்த பழைய சாரத்தைத் தலையில் போட்டு மூடிக்கொண்டு பார்ப்பேன். ஒரு வீட்டுக்காரி பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“என்ன அண்ணன், முக்காடு போட்டுட்டு ஆருக்குக் கடிதம் எழுதுறீங்க?”

“மாரிக்கு வீட்டில எத்தினை பேர்?”

“நானும் அவரும் ரெண்டு பிள்ளையளும். நாலு. அவர் குடிச்சிட்டு வந்தா ரெண்டாளுக்குச் சமன். அஞ்சு எண்டு போடுங்க, போட் தாங்க வேணுமே.”

நாலு என்று போட்டேன்.

நான்காம் நாள் ஒஃபிஸ் பிள்ளை எனக்குக் கோல் எடுத்தாள்.

“என்ன ஐயா, உங்கட ஊரில எல்லா வீட்டையும் றோட்டிலயா கட்டியிரிக்கு?”

விளங்கவில்லை. மெப்பைப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். நான் குறித்த வீடெல்லாம் ஒழுங்கையில் வரிசையாக நின்றது, பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்கள் மாதிரி.

பகலில் வீட்டில் பெண்கள்தான் இருப்பார்கள். ஆண் ஆள் இல்லாத வளவுக்குள் நான் போவதில்லை. வேலியில் ஆள் நுழைகிற இடத்தைக் கடப்படி என்போம். அங்கே நின்று கூப்பிட்டேன், கேட்டேன், அங்கே நின்றே அமத்தினேன்.

“போட்காரனும் கடப்படியில வந்துதானே நிப்பான் புள்ள” என்றேன்.

“கடப்படி தண்ணிக்குள்ள போன புறகு, அது எங்கயெண்டு அவனுக்கு எப்பிடி ஐயா தெரியும்?”

அது சரிதான். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். இருமிக்கொண்டு உள்ளே போவேன். வாசலுக்கு முன்னால் நிற்பேன். அமத்துவேன். தண்ணீர் தந்தால் குடிப்பேன். முப்பது வருசத்துக்கு மேல் இந்த ஊரில் இருக்கிறேன். பல வீட்டு வாசலை அப்போதுதான் கிட்டக் கண்டேன்.

ஒருவரும் அந்தக் கேள்விக்கு யோசிக்கவில்லை. ஆறு என்றார்கள், மூன்று என்றார்கள். தனியே இருக்கிற ஒரு மனுசி, “மகன் கொழும்பிலரிந்து மாரிக்கு வாறன் எண்டவன், ரெண்டு எண்டு போடுங்க” என்றாள். கேட்டதும் சொன்னாள். ரெண்டு என்று போட்டேன். எல்லாருக்கும் பதில் வாயில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். நான் கதிரவெளியிலிருந்து ஒரு சூட்கேசும் ஒரு வீச்சு வலையும் கொண்டு இங்கே வந்தேன். மகளுக்குக் கலியாணம் முடித்தபோது வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, நானும் மனைவியும் வளவுக்குள்ளேயே ஒரு சாய்ப்பு இறக்கி அதில் இருந்தோம். தகரக் கூரை, ஒரு கட்டில், ஒரு அடுப்பு. மகள் கட்டாருக்குப் போனாள். வீட்டைப் பூட்டினோம். சாய்ப்பிலேயே இருந்தோம். மனைவி போன பிறகும் நான் சாய்ப்பில்தான். வெள்ளிக்கிழமைகளில் வீட்டைத் திறந்து, கூட்டி, சாமிப் படத்துக்கு விளக்கு வைத்துவிட்டுத் திரும்பப் பூட்டுவேன்.

மனைவி இல்லாவிட்டால் ஆண் தன் சகோதரி வீட்டுக்குத் திரும்பிப் போவதும் உண்டு. கதிரவெளியில் அக்கா இருக்கிறாள். கிழமைக்கு ஒரு தரம் எடுப்பாள்.

“பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு நீ என்னடா பூட்டா? பூட்டு கடையில விக்கானே. வாங்கிக் கொழுவிட்டு இஞ்ச வா.”

“மகள் வாறன் எண்டவள்.”

“எப்ப?”

சித்திரைக்கு வாறோம் என்று மகள் சொன்னாள். மறுகா ஆவணிக்கு என்றாள். ஆவணி போனது. அதன் பிறகு அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வரும். கேட்காமல் இருந்தால் வராது. வராமல் இருக்கும்வரை வீட்டைக் கூட்டலாம்.

என் வளவைக் கடைசியாகத்தான் குறித்தேன். ஒரு வளவுக்கு ஒரு வீடுதான் குறிக்கலாம். வாசலில் நின்று அமத்தினேன். உரிமையாளர் என்ற இடத்தில் மகளின் பேரைச் சொன்னேன், போன் எழுதிக்கொண்டது. எத்தனை பேர் என்று கேட்டது. மகள் கட்டாரில். வீடு பூட்டு. சைபர் என்று போட்டேன். பொய் இல்லை. வீடு சாம்பலாகியது. வேலை முடிந்தது என்று ஒஃபிஸுக்கு அனுப்பினேன்.

அடுத்த நாள் அந்தப் பிள்ளை எடுத்தாள்.

“ஐயா, எல்லாம் சரி. உங்கட வீடு எது? காணயில்ல.”

“இரிக்கே. வாவிக்கரை ஒழுங்கையில கடைசி.”

“அதில ஒருத்தரும் இல்ல எண்டு கிடக்கு.”

“அது மகள்ட வீடு. மகள் வெளியில.”

“அப்ப நீங்க எங்க இரிக்கிறீங்க?”

“சாய்ப்பில.”

“ஐயா, நீங்க ஆள் இல்லையா?”

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“தண்ணி வந்தா உங்களுக்குத்தான் போட் வராது. ஊர் முழுக்க நடந்து குறிச்ச ஆளுக்கு.”

“என்னட்டத் தோணி இரிக்கு புள்ள.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“நான் மாத்த ஏலாது ஐயா. வாசலில நிண்டு நீங்கதான் மாத்த வேணும். மகள் ஆக்கள் மாரிக்கு வருவாங்க எண்டா அவங்களையும் சேர்த்துப் போடுங்க. கேட்டுட்டுப் போடுங்க. வெள்ளிக்கிழமையோட மெப்பைப் பூட்டிருவாங்க.”

கேட்டுட்டுப் போடுங்க என்றாள். அவளுக்கு அது சின்ன விசயம்.

மூன்று நாள் இருந்தது. வலைக்குப் போனேன், வந்தேன். போனை எடுத்துப் பார்ப்பேன், வைப்பேன். இரண்டு தரம் மகளுக்கு வொய்ஸ் போடப் பார்த்தேன். பொத்தானை அமத்திக்கொண்டு இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை, அழித்துவிட்டேன். அவள் அந்த மூன்று நாளும் எடுக்கவில்லை. வேலை இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டைத் திறந்து கூட்டினேன். விளக்கு வைத்தேன். வெள்ளி கட்டாரில் லீவு. வாசல் படியில் இருந்துகொண்டு மகளுக்கு எடுத்தேன். நானாக எடுப்பது குறைவு. அவள் முகம் வந்தவுடன் பதறினாள்.

“என்ன அப்பா? சுகமில்லையா?”

“சுகமா இரிக்கன்.”

“குளிசை போட்டீங்களா?”

“ஓம். பேத்தி எங்க?”

“படுக்கிறா.”

“ஒரு வேலை விசயம். மெப்பில வீட்டைக் குறிக்க வேணும். மாரிக்கு எத்தினை பேர் எண்டு கேக்குது. நீங்க மூண்டு பேர், நான் ஒராள். என்னெண்டு போட?”

அவள் முகம் அசையாமல் நின்றது. லைன் நின்றுவிட்டது என்று நினைத்தேன். அவளுக்குப் பின்னால் சுவரில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. லைன் நிற்கவில்லை.

“பிள்ளைய இஞ்ச பள்ளிக்கூடத்தில சேர்த்திட்டம் அப்பா. சொல்லத்தான் இருந்தன்.”

“நல்லம்.”

“அவருக்கும் வேலை இன்னும் நாலு வருசத்துக்குக் கிடைச்சிரிக்கு.”

“நல்லந்தானே.”

“கோவமா?”

“இல்ல. எத்தினை எண்டு சொல்லு. போட்காரனுக்குத் தெரிய வேணும்.”

பிள்ளை படுக்கிற பக்கம் ஒரு தரம் பார்த்தாள்.

“ஒண்டு எண்டு போடுங்க அப்பா.”

“சரி.”

வைக்கப் போனேன். வைக்க விடவில்லை.

“நீங்க இன்னும் சாய்ப்பிலயா படுக்கிறது?”

“ஓம்.”

“சாய்ப்பு தாழ்வு. தண்ணி வந்தா முதல் அதுக்குள்ளதான் வரும். ஒண்டு எண்டு போட்டா வீட்டுக்குள்ளதான் ஆள் இரிக்க வேணும். என்ர அறையில போய்ப் படுங்க.”

“அது உன்ர வீடு மகள்.”

“என்ர வீட்டிலதான் படுக்கச் சொல்லுறன்.”

அழுதாள் போல. முகத்தைப் போனுக்கு வெளியே கொண்டுபோய்விட்டாள். ஃபேன் மட்டும் தெரிந்தது. பிள்ளை எழும்பிவிட்டது என்று சொல்லி வைத்தாள். எழும்பியிருக்கலாம்.

வாசலில் நின்று மெப்பைத் திறந்தேன். நீலப் புள்ளி நிற்க நேரம் எடுத்தது. வேலிக்கு அங்கால போனது, வாவிக்குள் போனது, திரும்ப வந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கடைசியில் வீட்டுக்கு மேல் வந்து நின்றது. சைபரை அழித்தேன். ஒன்று என்று போட்டேன். வீடு பச்சையாகியது. ஒஃபிஸ் பிள்ளைக்கு அனுப்பினேன். ஒரு பெருவிரல் படம் வந்தது.

பொழுது சாயக் கொஞ்ச நேரம் இருந்தது. அக்கா எடுத்தாள்.

“என்ன, இன்னும் பூட்டா?”

“இல்ல அக்கா. ஆள். ஒண்டு எண்டு பதிஞ்சு போட்டன்.”

“என்னடா சொல்லுறாய்?”

“மகள் வரயில்ல. நான் இஞ்சதான்.”

பிறகு, “கருவாடு வைச்சிரிக்கன், வந்து எடுத்திட்டுப் போ” என்றாள். வாறன் என்றேன்.

மகளின் அறையைத் திறந்தேன். யன்னல் இறுகிப்போயிருந்தது, தோளால் இடித்துத் திறந்தேன். வாவிக்காற்று வந்தது. அந்த அறையில் கட்டில் இல்லை. போகும்போது விற்றுவிட்டுப் போனார்கள். சாய்ப்பில் இருக்கிற கட்டிலைக் கொண்டுவரலாம் என்று போனேன். முதிரை மரக் கட்டில். இந்த வீட்டிலிருந்து அதைச் சாய்ப்புக்குக் கொண்டுபோனபோது நானும் மனைவியும் ஆளுக்கொரு தலைப்பில் பிடித்துத் தூக்கினோம். இடையில் இரண்டு தரம் வைத்து இளைப்பாறினோம்.

தலைமாட்டைத் தூக்கினேன். தூக்கலாம். கால்மாடு மண்ணில் இழுபட்டது. வாசல்வரை இழுத்தேன். படியில் ஏறவில்லை. சரித்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். மற்றத் தலைப்பில் ஒரு ஆள் வேண்டும்.

கட்டிலை முற்றத்தில் விட்டுவிட்டு, பாயை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.